ஜியோமெட்ரியில் இன்னும் ஆராய என்ன பாக்கி? வளைவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

சேலத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்: "எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கணக்குப் புரொஃபசர் சார், ஜியோமெட்ரியில ஆராய்ச்சியாம். முக்கோணம், வட்டமெல்லாம் பத்தாவதோட முடிஞ்சுபோச்சே, அதுல இன்னும் என்ன சார் பாக்கி இருக்கு?"

யாரும் கேலியாகக் கேட்பதில்லை. பள்ளியில் நாம் படிக்கிற ஜியோமெட்ரி ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் ஒழுங்குபடுத்தி வைத்தது. அதில் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை என்று தோன்றுவது இயல்பு. அதே ஆட்கள் இன்னொரு நாள் ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, "விண்வெளியே வளைஞ்சிருக்காமே" என்பார்கள். எதற்குள் வளைந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. ரப்பர் ஷீட்டின் நடுவில் ஒரு இரும்புக் குண்டைப் போட்டுக் காட்டும் அந்த வீடியோக்கள் குழப்பத்தைத் தீர்த்ததைவிட வளர்த்ததே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு குழப்பத்துக்கும் மருந்து ஒன்றுதான். வளைவு என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் விண்வெளிக் கேள்வியும் தெளியும், இன்றைய ஜியோமெட்ரிப் பேராசிரியர் எதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதும் ஓரளவு பிடிபடும். வட்டத்தின் சுற்றளவும் பெருக்கலும் தெரிந்திருந்தால் போதும்.

ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று இன்னொன்றைவிடக் கடுமையானது என்று டிரைவர் சொல்வதை எண்ணாக எப்படிச் சொல்வது?

அந்த இடத்தில் சாலையோடு மிக நெருக்கமாக ஒட்டிப்போகும் வட்டம் எது என்று பாருங்கள். அதன் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவு 1/15. ஆரம் 100 மீட்டரானால் வளைவு 1/100, ரொம்பக் குறைவு. நேர்சாலையில் பூஜ்யம். ஒரு கோட்டின் வளைவு என்பது இவ்வளவுதான்: ஒட்டிப்போகும் வட்டத்தின் ஆரத்தால் ஒன்றை வகுத்தால் வரும் எண்.

ஆனால் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவருக்கு இந்த வளைவுகளில் ஒன்றுகூடத் தெரியாது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் சாலை நேராகப் போனாலும் கொண்டை ஊசியாகத் திரும்பினாலும் தூரம் அதே ஒரு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போனால் வயிறே சொல்லிவிடும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வயிற்றுக்குத் தெரிவது பஸ் பக்கவாட்டில் தூக்கிப்போடுவது. பக்கவாடு என்ற ஒன்றே சாலைக்கு வெளியே இருப்பது. கோட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு நீளத்தை மட்டும் அளந்து, கோடு வளைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பரப்புக்கும் இதே நிலைமைதான் என்று ரொம்ப காலம் நினைத்திருக்கலாம். அங்கேதான் ஆச்சரியம்.

தகட்டைச் சுருட்டுவதும் கிண்ணமாக்குவதும்

சேலம் உருக்காலையிலிருந்து எவர்சில்வர் தகடு சுருளாக வெளியே வருகிறது. சுருட்டியதால் தகட்டுக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. மெல்லிய தகட்டின் மேல் ஒரு சதுரத்தை வரைந்துவிட்டுச் சுருட்டிப் பாருங்கள். தகட்டின் மேலேயே வைத்து அளந்தால் பக்கம், மூலைவிட்டம், கோணம் எதுவும் மாறியிருக்காது.

அதே தகட்டில் ஒரு கிண்ணம் செய்ய வேண்டுமானால் கதை வேறு. வட்டமாக வெட்டிய தகட்டை அச்சில் வைத்து பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். உலோகம் ஓரிடத்தில் இழுபடும், ஓரிடத்தில் நெருக்குப்படும். விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்துவிடும். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கம். ஏன் சுருக்கம் விழுகிறது என்று கேட்டால் கணக்குக்குள் வந்துவிடுகிறோம்.

தட்டையான தகட்டில் நடுப்புள்ளியிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 62.8 செ.மீ. இப்போது ஓர் அரைக்கோளக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியின் நடுப்புள்ளியிலிருந்து பரப்பின் மேலேயே டேப் வைத்து அளந்தால் விளிம்புவரை அதே 10 செ.மீ. ஆனால் விளிம்பின் சுற்றளவு சரியாக 40 செ.மீ.தான். ஆரத்தின் நீளம் மாறக்கூடாது என்றால், 62.8 செ.மீ. நீளமிருந்த ஓரம் 40 செ.மீ.க்குள் அடங்கியாக வேண்டும். மீதி 22.8 செ.மீ. எங்கே போகும்? நெருங்கித் தடிக்க வேண்டும், இல்லை சுருக்கமாக மேலே எழ வேண்டும்.

ஆக, சுருளும் கிண்ணமும் கண்ணுக்கு வளைந்துதான் தெரிகின்றன. சுருளில் பரப்பின் மேல் அளக்கும் எந்தத் தூரமும் மாறவில்லை. கிண்ணத்தில் தூரங்கள் மாறாமல் தகடு அந்த வடிவத்துக்கு வரவே முடியாது.

ஒரு புள்ளி, இரண்டு வளைவு, ஒரு பெருக்கல்

இந்த வித்தியாசத்தை எண்ணாக்க வேண்டும். பரப்பின் மேல் ஒரு புள்ளியில் நின்றால் எல்லாத் திசையிலும் போகலாம். ஒவ்வொரு திசையிலும் பரப்பை நெட்டுக்குத்தாக வெட்டினால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் வளைவை மலைச்சாலைக்குப் பார்த்தது போலவே பார்த்துவிடலாம். இப்படிக் கிடைக்கும் எண்களில் மிகப் பெரியது ஒன்று, மிகச் சிறியது ஒன்று. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அமையும் என்று 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் காட்டினார். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணுக்குக் காஸ் வளைவு என்று பெயர்.

சுருளில் சுற்றுத் திசையில் வளைவு உண்டு, நெட்டுவாக்கில் பூஜ்யம். பெருக்கினால் பூஜ்யம். தட்டைத் தகட்டிலும் பூஜ்யம். அதனால்தான் ஒன்று மற்றொன்றாக நோகாமல் மாறுகிறது. கிண்ணத்தில் இரண்டு திசையும் ஒரே பக்கமாக வளைகின்றன, பெருக்கினால் பிளஸ்.

மைனஸ் எங்கே வரும்? சேர்வராயன் மலையில் ஒரு குன்றிலிருந்து பக்கத்துக் குன்றுக்கு நடந்தால் நடுவில் தரை தாழ்ந்து மறுபடி ஏறும் ஓர் இடம் வரும். அந்த இடத்தில் நின்று இடமும் வலமும் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. குன்றுகளின் திசையில் தரை மேல்நோக்கி வளைகிறது, பள்ளத்தாக்கின் திசையில் கீழ்நோக்கி. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், பெருக்கினால் மைனஸ். இங்கே வட்டம் போட்டால், தட்டையில் வருவதைவிடச் சுற்றளவு கூடுதலாக இருக்கும்.

இதுவரை வந்தது: கோட்டின் வளைவை உள்ளிருந்து அறிய முடியாது. பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு முக்கிய வளைவுகள், அவற்றின் பெருக்கல் காஸ் வளைவு. அது பூஜ்யமானால் தட்டை போல நடக்கும், பிளஸ் ஆனால் வட்டத்தின் சுற்றளவு குறையும், மைனஸ் ஆனால் கூடும்.

காஸ் கண்டுபிடித்தது என்ன?

கார்ல் பிரீட்ரிக் காஸ் 1807 முதல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கணிதப் பேராசிரியர் என்றுகூடச் சொல்ல முடியாது. பதவி வானியல் பேராசிரியர், வான் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். 1820களில் ஹானோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. காட்டிலும் மேட்டிலும் அலைந்தார், தூரத்து மேட்டுக்குச் சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் ஒரு கருவியையும் செய்தார். இவ்வளவு பெரிய மனிதர் சர்வேயர் வேலையில் வருஷக்கணக்கை வீணாக்கினாரே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரப்பின் மேலேயே நின்று அளந்து பரப்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்ற கேள்வி, டேப்பும் கோணமானியும் எடுத்துத் திரிந்தவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

1827இல் அவர் முன்வைத்த தேற்றம் சொல்வது இதுதான்: இரண்டு முக்கிய வளைவுகளில் எதையும் தனியாகப் பரப்புக்குள்ளிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவற்றின் பெருக்கலைக் கண்டுபிடிக்கலாம், பரப்பின் மேல் அளக்கும் தூரங்களே போதும். தகட்டைச் சுருட்டும்போது ஒரு வளைவு பூஜ்யத்திலிருந்து வேறொன்றாக மாறுகிறது, பெருக்கல் மட்டும் அசையாமல் நிற்கிறது. காஸே இதற்கு 'மிகச் சிறந்த தேற்றம்' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார். தன் முடிவுகளைப் பற்றி அடக்கி வாசிக்கிற மனிதர் அவர் என்பதை நினைவில் வையுங்கள்.

சேலத்தை மையமாக வைத்து ஒரு கணக்கு

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளம் என்று எடுத்துக்கொண்டு, மலை மேடுகளை மறந்துவிடுவோம். சேலத்தை நடுவில் வைத்து, தரைவழியே 100 கி.மீ. தூரத்தில் ஒரு வட்டம். பூமி தட்டையாக இருந்தால் சுற்றளவு சுமார் 628.3 கி.மீ. உண்மையில் அது ஏறக்குறைய 26 மீட்டர் குறைவாக இருக்கும். விண்வெளிக்குப் போய் போட்டோ எடுக்காமலே, டேப்பை நம்பியே பூமி உருண்டை என்று சொல்லிவிடலாம். டேப் மட்டும் ரொம்ப நல்ல டேப்பாக இருக்க வேண்டும்.

கோணத்திலும் இதே கதைதான். சேலம், ஈரோடு, நாமக்கல் மூன்றையும் மிகக் குறுகிய வழியில் இணைத்தால் சுமார் 1,200 சதுர கி.மீ. முக்கோணம் ஒன்று வரும். அதன் மூன்று கோணத்தையும் கூட்டினால் 180 பாகை வராது. ஒரு பாகையை 3,600 பங்காக்கி அதில் சுமார் 6 பங்கு கூடுதலாக வரும். சின்ன விஷயம்தான். ஆனால் பெரிய அளவையில் இதை விட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். 1802இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவை தென்னிந்தியா முழுக்கப் பரவியபோது, இந்தக் கூடுதலையும் கழித்தே கணக்குப் போட்டார்கள்.

முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 பாகையைத் தாண்டுகிற அளவு, அதற்குள் இருக்கும் மொத்த வளைவு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

எப்படிச் செய்தாலும் 720

ஓர் அட்டைப் பெட்டியை எடுங்கள். ஒரு மூலையில் மூன்று முகங்கள் சேர்கின்றன, ஒவ்வொன்றும் 90 பாகை, ஆக 270. தட்டையான இடத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 இருக்கும். இங்கே 90 குறைகிறது. கிண்ணத்தில் சுற்றளவு குறைந்தது போலத்தான் இதுவும், இந்தக் குறைவுதான் மூலையில் இருக்கும் வளைவு. பெட்டியின் முகங்களில் வளைவு கிடையாது, விளிம்புகளும் மடிப்புகள்தான், மடித்தால் தூரம் மாறாது. வளைவு முழுவதும் மூலைகளில் போய் உட்கார்ந்துவிட்டது, மூலைக்கு 90 பாகை வீதம். 8 மூலைக்கு 720.

இப்போது நான்கு சமபக்க முக்கோணங்களை ஒட்டிச் செய்த கூம்பிய வடிவம். ஒரு மூலையில் மூன்று 60, அதாவது 180. குறைவது 180. நான்கு மூலைக்கு மறுபடியும் 720. பெட்டியின் ஒரு மூலையை வெட்டி எறிந்துவிட்டுப் பாருங்கள். ஒரு மூலை போய் மூன்று புது மூலை வரும், மூன்றின் குறைவையும் கூட்டினால் போன அதே 90 வந்து நிற்கும். மாணவர்களிடம் நம்பச் சொல்லக் கூடாது, கத்தரிக்கோலைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

வழுவழுப்பான வடிவத்துக்கும் இதுவே. கோலிகுண்டாகட்டும், குண்டு மாம்பழமாகட்டும், ஓட்டையில்லாத மூடிய பரப்பு எதுவானாலும் அதன் மேல் பரவிக் கிடக்கும் மொத்த வளைவு 720 பாகைதான். ஓரிடத்தில் அழுத்திப் பள்ளமாக்கினால் அங்கே மைனஸ் கொஞ்சம் சேரும், அதை ஈடுகட்ட வேறிடத்தில் பிளஸ் அதிகமாகும். நடுவில் ஒரு துளை உள்ள சைக்கிள் டியூப் போன்ற பரப்பில் மொத்தம் பூஜ்யம். வெளிப்பக்கத்து பிளஸ்ஸும் உள்பக்கத்து மைனஸும் ஒன்றையொன்று சரியாகத் தின்றுவிடும். துளை இரண்டானால் மைனஸ் 720. இதற்கு காஸ்–பொன்னே தேற்றம் என்று பெயர்.

ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கும் வளைவு உள்ளூர்ச் சமாச்சாரம். துளை எத்தனை என்பது மொத்த வடிவத்தின் சமாச்சாரம், ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் தெரியாதது. முதலாவதைக் கூட்டினால் இரண்டாவது வந்து நிற்கிறது. இன்றைய ஜியோமெட்ரி ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த உறவின் வெவ்வேறு வடிவங்களைத் துரத்துவதுதான்.

எதற்குள் வளைந்திருக்கிறது?

1854 ஜூன் 10 அன்று கோட்டிங்கனில் ரீமான் என்ற இளைஞர், ஆசிரியர் பதவிக்குத் தகுதி பெறுவதற்கான உரையை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 77 வயது காஸும் ஒருவர். காஸ் வளைவுக்கு வெளியிலிருந்து பார்ப்பது தேவையில்லை என்றால், வெளிப்புறம் என்று ஒன்று இருக்கவே தேவையில்லை. மூன்று பரிமாணமோ நான்கோ, எத்தனையானாலும், அருகருகே உள்ள புள்ளிகளுக்கு இடையே தூரம் எப்படி அளப்பது என்ற விதி இருந்தால் வளைவும் இருக்கிறது என்றார் ரீமான்.

யூடியூப் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. விண்வெளி எதற்குள்ளும் வளைந்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் அளக்கும் தூரங்களும் கோணங்களும் யூக்ளிட் சொன்ன கணக்குப்படி வராமல் இருந்தால், அதைத்தான் வளைந்திருக்கிறது என்கிறோம். 1912இல் ஐன்ஸ்டைனுக்கு இந்தக் கணிதம் தேவைப்பட்டபோது ரீமான் பக்கம் கைகாட்டியவர் அவருடைய பழைய வகுப்புத் தோழர் மார்செல் கிராஸ்மன். அவர் சூரிச்சில் ஜியோமெட்ரிப் பேராசிரியர். 1915இல் பொதுச் சார்பியல் கொள்கை முழுமை பெற்றது.

சரி, அந்தப் பேராசிரியர் என்ன செய்கிறார்?

வேலைப் பாதை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமானது. எம்.எஸ்சி., தகுதித் தேர்வு, ஐந்தாறு வருஷம் பிஎச்.டி., அப்புறம் இரண்டொரு இடத்தில் தற்காலிக ஆய்வுப் பணி, பிறகு ஆசிரியர் பணி. வகுப்பு எடுப்பார், கருத்தரங்குக்குப் போவார், மற்றவர்களின் கட்டுரையில் ஓட்டை தேடுவார். கருவி என்று ஒன்றுமில்லை, காகிதமும் கரும்பலகையும்தான். ஒரு கட்டுரை இதழில் அச்சாக ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும்.

நம்மவர்களில் இருவரைச் சொல்லலாம். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன். இருவரும் பிறந்தது 1932இல், படித்தது சென்னை லயோலா கல்லூரியில். அங்கே அவர்களுக்குக் கணிதம் கற்பித்த ரசீன் பாதிரியார், பிரெஞ்சு ஜியோமெட்ரி மேதை எலி கார்ட்டானிடம் ஆய்வு செய்தவர். இருவரும் 1953இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் சேர்ந்து நிரூபித்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

அது எதைப் பற்றியது? ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அம்புக்குறிகள் வாழும் ஒரு சிறு வெளியை நட்டுவைத்த அமைப்புக்கு வெக்டர் கற்றை என்று பெயர். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். சமன்பாடுகளை வைத்து, கற்றை எவ்வளவு உறுதியானது என்று பார்ப்பது ஒன்று. ஓர் அம்பைத் துளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் இந்த இரண்டும் ஒரே பட்டியலைத் தருகின்றன என்பது அவர்கள் காட்டியது. 1983இல் இங்கிலாந்தின் சைமன் டொனால்ட்சன் இதற்குப் புது நிரூபணம் தந்தார், வளைவை வைத்து: உறுதியான கற்றை என்றால், அதன் வளைவை எங்கும் ஒரே சீராகப் பரப்பி வைக்க முடியும். சேஷாத்ரி பிற்பாடு சென்னைக்கு வந்து 1989இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம். சேலத்திலிருந்து கணிதம் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்களில் அதுவும் ஒன்று.

பாக்கி என்ன என்று கேட்டார்களே, ஒரே ஒரு உதாரணம் தருகிறேன். பூமியின் மேல் இரண்டு பேர். ஒருவர் ஏற்காட்டில், இன்னொருவர் பாரிஸில். இருவர் நிற்கும் இடங்களையும் சேர்த்து ஒரே புள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்தால் நான்கு பரிமாண வடிவம் ஒன்று கிடைக்கும். இரண்டு கோளங்களின் பெருக்கல் என்பார்கள். வழக்கமான முறையில் தூரம் அளந்தால், இதில் சில திசைகளில் வளைவு பிளஸ், சில திசைகளில் பூஜ்யம். அளக்கும் விதியை மாற்றி, எல்லாப் புள்ளியிலும் எல்லாத் திசையிலும் பிளஸ் வரும்படி செய்ய முடியுமா? ஹைன்ஸ் ஹோப்ஃப் என்ற கணிதவியலாளர் எழுப்பிய கேள்வி இது. முடியும் என்று எவரும் ஒரு விதியைக் காட்டவில்லை, முடியாது என்று எவரும் நிரூபிக்கவும் இல்லை.